போர்வை சிஸ்டர்

என் அக்காவை வேறு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால் அவள் உயிர் போகும் நிலைவரை போயிருக்க மாட்டாள் என்று அண்ணி சொல்கிறார். அம்மா இதை ஒப்புக்கொள்வதில்லை. வீட்டிலேயே ஒரு நர்ஸ் இருந்ததால்தான் அக்கா பிழைத்தாள் என்பது அம்மாவின் கட்சி. இரண்டு பேர் சொல்வதையும் பலமுறை கேட்டுவிட்டேன். இரண்டுமே சரியாக இருப்பதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

அண்ணி என் அண்ணனின் மனைவி. பெரிய ஆஸ்பத்திரியில், பிரசவம் முடிந்த பெண்களும் அவர்களுடைய குழந்தைகளும் இருக்கும் வார்டில் நர்ஸ். அங்கே அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு, போர்வை சிஸ்டர். மற்ற நர்ஸ்கள் கட்டிலருகே வந்து "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்பார்கள். இவர் கேட்கமாட்டார். வந்ததும் போர்வையை விலக்குவார். வயிற்றில் கை வைத்து அழுத்திப் பார்ப்பார், பேடு எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்ப்பார், அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்ப்பார். "மூஞ்சி பொய் சொல்லும். 'நல்லா இருக்கேன் சிஸ்டர்'னு சிரிக்கும்" என்பார். அவர் வார்டுக்குள் நுழைந்ததும் "போர்வை வருது" என்று கட்டிலுக்குக் கட்டில் கிசுகிசுப்பு ஓடும். புதிதாக வந்த பெண்கள் யாரோ போர்வை கொண்டுவந்து தரப்போகிறார்கள் என்று நினைத்துக் காத்திருப்பார்கள்.

இந்த வேலைக்கு அவர் ஆசைப்பட்டு வரவில்லை. டீச்சர் பயிற்சிக்குத்தான் மனு போட்டாராம். அங்கே இடம் நிரம்பிவிட்டது. பக்கத்துக் கட்டடத்தில் நர்ஸிங் டிப்ளமாவுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "சர்டிஃபிகேட் எல்லாம் கையில இருந்துச்சு. மறுபடி இன்னொரு நாள் வெயில்ல அலையணுமேன்னு சேந்துட்டேன்" என்று சொல்வார். யாராவது நர்ஸ்களைத் தேவதைகள் என்று புகழ்ந்தால், தேவதைகளுக்கு வாரலீவு உண்டா என்று கேட்பார். எலும்பு முறிவு வார்டிலும் ஆபரேஷன் தியேட்டரிலும் இருந்துவிட்டு, தானாகக் கேட்டு இந்த வார்டுக்கு மாறியவர் அவர்.

"நோயாளியே இல்லாத வார்டுன்னு நெனச்சுக் கேட்டு வாங்கினேன். எல்லாரும் நல்லா இருக்கவங்க, பிள்ளை பெத்தவங்க, சிரிச்சுக்கிட்டு இருப்பாங்கன்னு. வந்தப்புறம்தான் தெரிஞ்சுது, நோயாளியாவது சொன்ன பேச்சைக் கேப்பான்."

அவருக்குத் தலைவலி பிள்ளை பெற்றவர்களால் இல்லை. அவர்களைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களால்தான். "யூரின் போனியாம்மா?" என்று கட்டிலில் இருக்கும் பெண்ணிடம் கேட்டால், "போய்ட்டா சிஸ்டர்" என்று பதில் பெஞ்சிலிருந்து வரும். "குழந்தை பால் குடிச்சுச்சா?" என்றால், "நல்லாக் குடிச்சுச்சே" என்று கதவோரத்திலிருந்து இன்னொரு குரல். ஒரு நாள் ஒரு மாமியார் எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"உங்களையா கேட்டேன்? பிள்ளை பெத்தது நீங்களா?"

"நானும் பெத்தவதாம்மா. ஆறு பெத்தேன்."

"அப்போ நீங்க இந்தக் கட்டில்ல படுங்க. இந்தப் பொண்ணை எழுப்பி உங்க பெஞ்சுல உக்கார வைக்கிறேன். இப்போ சொல்லுங்க, யூரின் போனீங்களா?"

வார்டே சிரித்தது. அந்த மாமியாரும் சிரித்துவிட்டு, அடுத்த கேள்விக்கும் தானே பதில் சொன்னார்.

இன்னொரு ஓயாத வம்பு, தூங்கும் குழந்தைகளை எழுப்புவது. பிறந்த குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தால் வீட்டார் அதைச் சமத்து என்று கொஞ்சுவார்கள். அண்ணிக்கு அந்த வார்த்தையே ஆகாது. உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி எழுப்பி, அது முகத்தைச் சுளித்து வீறிட்ட பிறகு தாயின் மார்பில் கொண்டுபோய் வைப்பார்.

"பச்சக் குழந்தைய இப்படி அடிக்கலாமா சிஸ்டர்?"

"சுண்டினேன், அடிக்கல. தூங்குற பிள்ளைக்குப் பால் தானா நடந்து வாய்க்குப் போகுமா? சமத்தாம் சமத்து. பிறந்து ஒரு நாள் ஆகல, அதுக்குள்ள நடத்தைச் சான்றிதழ் குடுக்கறீங்க."

இப்படியெல்லாம் பேசுகிறவர் எங்கள் வீட்டுக்குள் வந்ததும் பாதிக் குரலுக்கு இறங்கிவிடுவார். செருப்பைக் கழற்றும் இடத்திலேயே அந்தக் குரலையும் கழற்றி வைத்துவிடுவாரோ என்று எனக்குத் தோன்றும். "டீ போடட்டுமா அத்தை?", "சரிங்க அத்தை", "நீங்க சொன்னா சரி அத்தை." அம்மா என்ன சொன்னாலும் மறுபேச்சு கிடையாது. "எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல என் மருமக" என்று அம்மா தெருவில் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். அந்த மருமகள் வார்டில் பேசுவதை அம்மா கேட்டதில்லை. அண்ணன் கேட்டிருக்கிறான். விடிகாலையில் அவன் மேலிருந்து போர்வை பறிபோகும்போது கேட்பான்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். சமூகவியல் படித்தேன். அது என்ன, அதைப் படித்தால் என்ன வேலை என்று வீட்டில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். நானும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அண்ணி மட்டும் கேட்கவில்லை. அவர் என்னைப் "பட்டதாரி" என்றே கூப்பிடுவார். "ஏ பட்டதாரி, அந்தத் துணியை எடுத்து மடி." அவருடைய இரண்டு குரல்களைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். எது நிஜம், எது நடிப்பு? வீட்டில் அடங்கிப்போகிறார் என்று எழுதினால் அது நியாயமா? கல்லூரியில் ஒரு மாதிரியும் வீட்டில் ஒரு மாதிரியும் பேசிய எனக்கு அதைக் கேட்கும் தகுதி உண்டா? அக்காவின் பிரசவத்துக்குப் பிறகு இந்தக் கேள்விகளெல்லாம் வேறு மாதிரி தெரிகின்றன.

பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்காவுக்கு நாள் நெருங்கியபோது அவளை எங்கே சேர்ப்பது என்ற பேச்சே எழவில்லை. வீட்டில் நர்ஸை வைத்துக்கொண்டு வேறு எங்கே போவது என்று அம்மா முடித்துவிட்டாள். அன்று அண்ணி கொஞ்சம் வாயைத் திறந்தார்.

"வேற ஆஸ்பத்திரியில சேத்தா நல்லது அத்தை. நான் வந்து வந்து பாத்துக்கறேன். நம்ம ஆளுங்களை நாமளே பாக்குறது சரிப்படாது."

"ஏன் சரிப்படாது? ஊர்ல இருக்கவங்களுக்கெல்லாம் செய்யற. நாத்தனாருக்குச் செய்ய மாட்டியா?"

"செய்ய மாட்டேன்னு சொல்லல அத்தை."

"அப்புறம் என்ன?"

அண்ணி "சரிங்க அத்தை" என்றார். அன்றைக்கு நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிட்டது.

பிரசவம் நல்லபடியாகவே நடந்தது. பெண் குழந்தை. காலையில் பிறந்தது. அக்காவைக் கொஞ்ச நேரம் பிரசவ அறையிலேயே வைத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். அண்ணிக்குப் பகல் டியூட்டி. அக்காவுக்கு ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. வெளியே வண்டிகள் நிறுத்தும் இடம். யாரோ வண்டியை எடுப்பதும் இன்னொருவர் வண்டி சரிவதும் கேட்டுக்கொண்டே இருந்தது. கட்டிலின் மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் ஆஸ்பத்திரி விரிப்பு, அதன் மேல் அக்கா. பக்கத்தில் சின்னத் தொட்டில் கட்டிலில் குழந்தை, வாயைத் திறந்து மூடிக்கொண்டு. அக்காவோடு அம்மா இருந்தாள். நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு பார்வையாளர் நேரத்தில் போய்ச் சேர்ந்தேன்.

நான் போன சற்று நேரத்தில் அண்ணி சுற்றி வர ஆரம்பித்தார். முதல் கட்டில், போர்வை போனது. இரண்டாவது கட்டில், போர்வை போனது, கூடவே பெஞ்சில் இருந்த பாட்டிக்கு ஒரு திட்டு. வரிசையாக வந்து அக்காவிடம் வந்தார்.

"அண்ணி" என்று அக்கா சிரித்தாள்.

"இங்க சிஸ்டர்னு கூப்பிடு. எல்லாரும் பாக்குறாங்க."

"சொந்த அண்ணிய சிஸ்டர்னா கூப்பிடுவாங்க?" என்றாள் அம்மா. "அண்ணின்னே கூப்பிடுடி. நமக்கு என்ன?"

"யூரின் போனியா?"

அக்காவின் முகம் சிவந்தது. "போய்ட்டேன் அண்ணி."

"எப்போ?"

"போய்ட்டாம்மா, போய்ட்டா" என்றாள் அம்மா.

அண்ணியின் கை போர்வையின் ஓரத்துக்குப் போனது. உள்ளேயிருந்து அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். நான் தெளிவாகப் பார்த்தேன். போர்வைக்கு அந்தப் பக்கம் அக்காவின் விரல்கள், இந்தப் பக்கம் அண்ணியின் விரல்கள்.

"வேண்டாம் அண்ணி. அம்மா மாத்திவிட்டாங்க."

"பாக்கணும்ல?"

"விடும்மா" என்றாள் அம்மா. குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. "உன் கையால அதையெல்லாம் எடுக்க வெக்கிறது நல்லா இருக்குமா? நாளைக்கு வீட்டுல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கணும். நான் இருக்கேன்ல, நான் பாத்துக்கறேன். நீ மத்தவங்களப் பாரு."

அண்ணியின் கை போர்வை மேலேயே சற்று நேரம் நின்றது. பிறகு நகர்ந்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தது.

"பல்ஸ் கொஞ்சம் வேகமா இருக்கே."

"பிள்ளையப் பாத்த சந்தோஷம்" என்றாள் அம்மா.

அண்ணி மணிக்கட்டை விட்டார். அடுத்த கட்டிலுக்குப் போனார். அங்கே இருந்த பெண் வாயைத் திறப்பதற்குள் அவளுடைய போர்வை காலடியில் கிடந்தது.

எனக்கு அது அழகாகப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் கூச்சத்தை ஒருவர் மதிக்கிறார்கள், இந்த வீட்டில் இப்படி ஒரு நாசூக்கு இருக்கிறதே என்று நினைத்தேன்.

அதன் பிறகு அக்கா குறைவாகவே பேசினாள். கொட்டாவி விட்டாள். தண்ணீர் கேட்டாள், குடித்ததும் மறுபடி கேட்டாள். ராத்திரி முழுக்க வலியில் கிடந்தவள், களைப்பாக இருக்கும் என்று அம்மா சொன்னாள். நடுநடுவே அம்மா என்னை ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, போர்வைக்குள் ஏதோ செய்தாள். பிறகு வீட்டிலிருந்து கொண்டுவந்த பேப்பரில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்தபடி கழிப்பறைக்குப் போனாள். திரும்பி வந்து பேப்பரில் அடுத்த பக்கத்தைக் கிழித்தாள்.

குழந்தை அழுதது. நான் எடுத்துக்கொண்டேன்.

"ஏ பட்டதாரி" என்று வார்டின் மறுகோடியிலிருந்து குரல் வந்தது. "அதைக் கையில வெச்சுப் படிச்சுப் பாக்கப்போறியா? அதோட அம்மாகிட்ட குடு. வாயை மெல்லுது பாரு."

நான் அக்காவிடம் நீட்டினேன். "அப்புறமாடி" என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த வார்டைத் துப்புரவு செய்யும் பெண்ணை எல்லோரும் இன்ஸ்பெக்டர் என்பார்கள். எந்தக் குப்பை எந்த நிற டப்பாவுக்குப் போக வேண்டும் என்பதில் அவர் அவ்வளவு கண்டிப்பு. வார்டில் அண்ணியோடு தினம் சண்டை போடும் ஒரே ஆள் அவர்தான். அன்றும் விளக்குமாற்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து நின்றார். அண்ணி அக்காவுக்கு இரண்டு கட்டில் தள்ளி ஒருத்திக்கு ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், எனக்கு ஒரு நியாயம் சொல்லுங்க."

"நியாயம் சொல்ல நேரமில்ல. அப்புறம் வா."

"எல்லாத்துக்கும் நாந்தான் திட்டு வாங்கணும். டப்பா தப்பா இருந்தா என்னைத்தான் கேப்பாங்க. உங்க சொந்தக்காரங்கன்னா மட்டும் நான் பேசக் கூடாதா?"

"யாரு என்ன பண்ணாங்க?"

"உங்க மாமியார்தான். ரத்தப் பேடு எல்லாம் மஞ்சள் டப்பாவுக்குத்தான் போகணும்னு சுவத்துல படம் போட்டே ஒட்டியிருக்கு. அவங்க பேப்பர்ல சுத்திச் சுத்தி, சாதாக் குப்பைக் கூடையில அடியில அமுக்கி வெச்சிருக்காங்க. கொட்டினா எல்லாம் அவுந்து போச்சு. வார்டு பூராத்தோடதையும் சேத்துப் போட்டாப்ல இருக்கு."

"மத்தவங்களோடதும் இருக்கும்."

"இல்ல சிஸ்டர். எல்லாம் ஒரே பேப்பர். காலையில உங்க மாமியார் கையில வெச்சிருந்த அதே பேப்பர்."

அண்ணி பட்டையை அந்தப் பெண்ணின் கையிலேயே விட்டுவிட்டு வந்தார். ஓடவில்லை. அவர் நடந்து வந்த விதத்தைப் பார்த்து நான் எழுந்து நின்றேன். கட்டிலுக்கு மறைப்பாக வைக்கும் சக்கரத் தடுப்பை இழுத்தார். ஒரு சக்கரம் சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றது. காலால் ஒரு உதை விட்டார்.

"அண்ணி, வேண்டாம்" என்றாள் அக்கா. இந்தத் தடவை அவள் விரல்களில் பிடிக்கப் பலம் இல்லை.

போர்வை போனது. விரிப்பு சிவப்பாக இருந்தது. ரப்பர் ஷீட்டின் பள்ளத்தில் ரத்தம் தேங்கி நின்றது. அண்ணி அக்காவின் வயிற்றில் கை வைத்தார். தொப்புளுக்கு மேலே ஒரு பக்கமாக வயிறு உப்பியிருந்தது.

"யூரின் போனேன்னு சொன்னே."

அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பிள்ளை பெத்ததுலேர்ந்து ஒரு தடவையாவது போனியா?"

"அவ எந்திரிக்க முடியாதுல்ல" என்றாள் அம்மா. "பெட்பேன் கேட்டா நீதானே வந்து வெக்கணும். நீ எடுத்துக்கிட்டுப் போய் ஊத்தணும். அண்ணன் பொண்டாட்டிய அந்த வேலை செய்ய வெக்கிறதான்னு அவ கூச்சப்பட்டுக்கிட்டு அடக்கிக்கிட்டா. நானும் கொஞ்சம் பொறுத்துக்கடி, டியூட்டி மாறட்டும்னு..."

"அத்தை, வெளியே போங்க."

அம்மா நகரவில்லை. காதில் விழாத மாதிரி இருந்தது.

"வெளியே போங்கன்னு சொல்றேன்."

அது வார்டுக் குரல். அம்மா அதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டாள். செருப்பைக்கூடத் தேடாமல் போனாள்.

நடந்ததைப் பிறகு அண்ணி எனக்கு விளக்கினார். குழந்தை வெளியே வந்த பிறகு கருப்பை சுருங்கிக் கல் மாதிரி இறுக வேண்டும். இறுகினால்தான் ரத்தம் நிற்கும். சிறுநீர்ப்பை நிரம்பிக் கிடந்தால் அது கருப்பையை மேலே தள்ளிவிட்டு, இறுக விடாது. ரத்தம் சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். நாசூக்கு என்று நான் நினைத்துப் பூரித்துக்கொண்டிருந்தபோது கட்டிலில் நடந்தது அதுதான்.

ஆனால் அப்போது எனக்குத் தெரிந்தது அண்ணியின் கைகள் மட்டும்தான். ஒரு குழாயைச் செருகினார். பாத்திரத்தில் சிறுநீர் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு கை அக்காவின் வயிற்றை மாவு பிசைவதுபோல் அழுத்திப் பிசைந்தது. இன்னொரு நர்ஸ் ஓடிவந்து ஊசி போட்டார், இரண்டாவது கையிலும் ட்ரிப்ஸ் ஏற்றினார். அக்கா வலியில் முனகினாள். அண்ணியின் வாய் ஒரு நொடி ஓயவில்லை. சக்கரத்தைத் திட்டினார். ட்ரிப்ஸ் ஸ்டாண்டைத் திட்டினார். அக்காவைத் திட்டினார். "கூச்சமாம் கூச்சம். பிரசவ ரூம்ல அத்தனை பேர் பாத்தாங்க, அப்போ எங்க போச்சு? என்னைப் பாத்தா மட்டும் வருதா?" என்னையும் விடவில்லை.

"ஏன் மரம் மாதிரி நிக்கிற? அவகிட்ட பேசு. தூங்க விடாத."

"என்ன பேசறது?"

"எதையாவது. பரீட்சைக்குப் படிச்சதையாவது சொல்லு."

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அக்காவின் தலைமாட்டில் நின்று வாயைத் திறந்தேன். மனதில் ஒன்றும் இல்லை. முதல் வருஷப் புத்தகத்தின் முதல் பாடம்தான் வந்தது. "குடும்பம் என்பது சமூகத்தின் அடிப்படை அலகு. அதன் உறுப்பினர்கள் ரத்த உறவாலோ திருமண உறவாலோ இணைக்கப்பட்டு..." ரத்தம் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். பிறகு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அக்காவின் உதடுகள் வெளுத்திருந்தன. கண்கள் மேலே செருகின. "குடும்பத்தின் பணிகள் பின்வருமாறு" என்று நான் தொடர்ந்தேன்.

"போதும்டி" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமல்.

"போதும்னு சொல்றா. நல்லதுதான், நீ நிறுத்தாத" என்றார் அண்ணி.

டாக்டர் வந்தார். ரத்தம் ஏற்றச் சொன்னார். வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கடைசியா யார் பாத்தீங்க?"

"நான்தான் மேடம்."

"அப்போ எப்படி இருந்துச்சு?"

"தெரியல. பல்ஸ் மட்டும்தான் பாத்தேன். வயித்தையும் பேடையும் பாக்கல."

"நீங்களா பாக்கல?"

"ஆமா மேடம்."

டாக்டர் அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அதற்கு மேல் கேட்கவில்லை. மாமியார் தடுத்தார் என்று அண்ணி சொல்லியிருக்கலாம். நானே சாட்சி சொல்லியிருப்பேன். அவர் சொல்லாதது ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அம்மாவைக் காப்பாற்றவா, இல்லை அதைச் சொல்வது அவருக்கே இன்னும் கேவலமாக இருந்திருக்குமா?

கருப்பை இறுகியது. ரத்தம் நின்றது. சாயங்காலத்துக்குள் அக்காவின் உதடுகளில் கொஞ்சம் நிறம் வந்தது. குழந்தையைக் கேட்டாள். அண்ணி போய்த் தன் மேலதிகாரியான நர்ஸிடம் திட்டு வாங்கிக்கொண்டு, அக்காவின் கட்டிலை வேறொரு நர்ஸின் பொறுப்புக்கு மாற்றச் சொல்லிவிட்டு வந்தார். அந்த நர்ஸ் வந்து போர்வையை விலக்கினார். அக்கா முனகாமல் காட்டினாள். கேட்டதற்கெல்லாம் "ஆமா சிஸ்டர்", "இல்ல சிஸ்டர்" என்று பதில் சொன்னாள்.

அண்ணி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தியா பட்டதாரி? ஊரு பேரு தெரியாதவகிட்ட நல்லாக் காட்டுறா. இத்தனை வருஷமா ஒரே குடும்பத்துல இருக்கேன், எனக்கு இல்ல. இதுக்கு உன் புத்தகத்துல பேரு ஏதாவது இருக்கா?"

"மரியாதைன்னு சொல்லலாம்."

"அந்த மரியாதையத் தூக்கி இன்ஸ்பெக்டரோட மஞ்சள் டப்பாவுல போடு."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். அம்மா சொன்னதும் ஏன் கையை எடுத்தீங்க அண்ணி?

அவருக்குக் கோபம் வரவில்லை. "அதைத்தான் நானும் யோசிக்கிறேன். எடுக்கணும்னு நெனச்சு எடுக்கல. அத்தை 'விடும்மா'ன்னாங்க, கை தானா வந்துருச்சு. கலெக்டர் பொண்டாட்டி போர்வையவே பிடிச்சு இழுத்திருக்கேன்." கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரிங்க அத்தை, சரிங்க அத்தைன்னு சொல்லிச் சொல்லி இதுவும் கேக்கக் கத்துக்கிச்சு போல."

வெளியே பெஞ்சில் அம்மா வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். நான் செருப்பை எடுத்துப் போய் வைத்தேன். அக்காவுக்குச் சரியாகிவிட்டது என்று சொன்னதும் அழுதாள். அழுது முடித்த கையோடு, "பத்துப் பேர் முன்னாடி என்னை வெளியே போன்னுட்டா" என்றாள். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. அக்கா செத்திருப்பாள் என்றேன். "அது சரி. ஆனா அத்தைன்னுதானே சொன்னா. அத்தை, வெளியே போங்கன்னு. அத்தைன்னு கூப்பிட்டுக்கிட்டே யாராவது வெளியே போகச் சொல்வாங்களா?"

அக்கா குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மாவும் அண்ணியும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள், அதுவும் பல சமயம் என் வழியாக. "அண்ணிகிட்ட வெந்நீர் வெச்சாச்சுன்னு சொல்லு." "அத்தைகிட்ட நான் பாத்துக்கறேன்னு சொல்லு." இரண்டு பேரும் ஒரே அடுப்படியில் நின்றுகொண்டுதான் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். சொல்லாமலேயே விஷயம் போய்ச் சேர்ந்துவிடும்.

ஒரு நாள் டியூட்டி முடிந்து வந்ததும் அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு, கைகழுவிவிட்டு, நேராக அக்கா இருக்கும் அறைக்குப் போனார். அம்மா உள்ளேதான் இருந்தாள், குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டு. அண்ணி வாசலில் நின்றார். பாதிக் குரலும் வராமல், வார்டுக் குரலும் வராமல், எதைப் பேசுவது என்று தேடுகிறவர் போல நின்றார்.

"அத்தை, கொஞ்ச நேரம் குழந்தைய எடுத்துக்கிட்டு வெளியில இருங்க."

அம்மா குழந்தையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். என்னைத் தாண்டிப் போகும்போது, "என் வீட்டுக் கதவையே எனக்குச் சாத்துறா பாரு" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. ஆனால் கதவைச் சாத்தியது அவள்தான்.

கதவு சரியாகப் பொருந்தாது. உள்ளே பேசுவது கேட்டது.

"காட்டு."

"கூச்சமா இருக்கு அண்ணி."

"எனக்கும்தான் கூச்சமா இருக்கு. காட்டு."

அம்மா குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். கதவுக்குப் பக்கத்தில் நின்றவள், என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பேச்சு காதில் விழாத தூரத்துக்கு நகர்ந்தாள்.